மச்சான் இல்லாதவனுக்கு யார் கயிறு?

“இதுக்குப் பதில் என்ன அக்கா?”

தர்ஷினி மிஸ் என் தாளைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார். கல்லூரியில் வரலாற்றுத் துறை வராந்தாவில் நின்றிருந்தோம். வேப்பமர நிழல் அவர் முகத்திலும் தாளிலும் மாறி மாறி ஆடிக்கொண்டிருந்தது. என் தோள்பைக்குள் மகளின் பால் புட்டி கிடந்தது. வீட்டில் இருக்க வேண்டிய புட்டி. காலையில் அவசரத்தில் நான்தான் தூக்கிப் போட்டிருக்கிறேன். மூடி கழன்று பையின் அடியில் ஈரம் பரவுவது இடுப்பில் தெரிந்தது. திறந்து பார்க்கத் தைரியமில்லை.

தாளில் நான் எழுதியிருந்தது இதுதான்: ‘பண்டைய கொற்கைத் துறைமுகத்தின் சிறப்புகள் யாவை?’

மிஸ் கேட்டதும் பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். பாண்டியர் துறைமுகம், முத்து, கடல் வணிகம், ஆறு கொண்டுவந்து கொட்டிய மண், விலகிப் போன கடல். மனப்பாடச் செய்யுள் ஒப்பிப்பது போல் மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன்.

“எல்லாம் தெரிஞ்சிருக்கே. அப்புறம் எதுக்கு எழுதப் போறீங்க?”

கேலியாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் போலக் கேட்டார். அதுதான் என்னைக் குழப்பியது. பதில் தெரிந்திருப்பது ஒரு குறை என்று அதுவரை எந்த வகுப்பிலும் எனக்கு யாரும் சொன்னதில்லை.

அந்த ஒரு பருவம்

எங்கள் கல்லூரியில் முதுகலை இரண்டாம் ஆண்டில் ஆளுக்கு ஓர் ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும். கட்டுரைக்கு முன்னால் கேள்வி. வழிகாட்டும் ஆசிரியர் கேள்வியை ஏற்றுக் கையெழுத்துப் போட்டால்தான் வேலையைத் தொடங்கலாம். குறித்த வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து வாங்காதவர்கள் அடுத்த ஆண்டுதான் எழுத முடியும்.

எனக்கு அடுத்த ஆண்டு என்று ஒன்று இல்லை. மகள் வயிற்றில் இருந்தபோதே ஒரு தடவை படிப்பை நிறுத்தியவள் நான். ஆதிச்சநல்லூர்ப் பக்கத்து ஊரிலிருந்து அத்தை, அதாவது என் மாமியார், வந்திருந்து பிள்ளையைப் பார்த்துக்கொண்டதால்தான் மறுபடி வகுப்புக்குப் போக முடிந்தது. அந்தப் பருவம் முடிந்ததும் அத்தை பெரிய மகன் வீட்டுக்குப் போவதாகப் பேச்சு. அங்கே மூத்த மருமகளுக்குப் பிரசவம். என் கணவருக்குத் தூத்துக்குடித் துறைமுகத்தில் கண்டெய்னர் வேலை, ஷிப்ட் மாறி மாறி வரும். அந்தப் பருவம் போனால் படிப்பு போனது. வீட்டில் யாரும் அப்படிச் சொல்லவில்லை. சொல்லாததால் எனக்கு அது இன்னும் சத்தமாகக் கேட்டது.

இந்த நினைவுக் குறிப்புகளின் போன அத்தியாயத்தில் அத்தையைப் பற்றி எழுதியதை அவர்களே வாசிக்கச் சொல்லிக் கேட்டார்கள். “நல்லாத்தான் இருக்கு. ஆனா என் கொரல் அம்புட்டு பெருசு இல்ல” என்றார்கள், பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி.

தர்ஷினி மிஸ் என்னைவிட இளையவர். கௌரவ விரிவுரையாளராக அந்த ஆண்டுதான் சேர்ந்திருந்தார். வராந்தாவில் என்னை ‘அக்கா’ என்பார். நான் ‘மிஸ்’ என்றால் கொஞ்சம் கூச்சப்படுவார். தன்னுடைய முனைவர் பட்டக் கேள்வியை அவரும் அப்போது மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருந்தார் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. முன்பே தெரிந்திருந்தால் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். ஒருவேளை கூடுதலாகப் பயந்திருப்பேனோ என்னவோ.

கொற்கை எனக்கு வெறும் பாடப்புத்தகப் பெயர் இல்லை. அம்மா வீடு ஏரலுக்குப் பக்கம். எங்கள் பேருந்து கொற்கைக்குச் சாலை பிரியும் விலக்கு வழியாகத்தான் போகும். வயல், வாழை, ஒரு குளம். ஒரு தடவை முன் இருக்கையில் இருந்தவர் தன் சிநேகிதரிடம், “இங்கனதாம் கப்பல் நின்னுச்சாம்” என்று கையைக் காட்டினார். நானும் எட்டிப் பார்த்தேன். ஓர் எருமை நின்றது.

அந்த எருமையைப் பார்த்த நொடியில் எனக்குள் ஏதோ ஒன்று எழுந்தது. அதைக் கேள்வியாக்கத் தெரியவில்லை. பேருந்து போய்விட்டது. பிறகு தேர்வுக்குப் படித்ததை எடுத்து, வால் பக்கத்தில் ஒரு ‘யாவை’யைச் சேர்த்து, கேள்வி என்று கொண்டுபோய் நீட்டினேன்.

கைக்கு எட்டாத கேள்வி

இரண்டாவதாகக் கொண்டுபோனது: ‘தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு ஏன் நின்றுபோனது?’

“இதுக்குப் பதில் தெரியுமா?” என்றார் மிஸ்.

“தெரியாது மிஸ்.” ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

“எப்படித் தெரிஞ்சுக்குவீங்க? சிப்பி வளர்ற பாறைகளைப் பத்தித் தெரியணும். நீரோட்டம் தெரியணும். பழைய ஆவணத்துக்குச் சென்னை வரைக்கும் போகணும். இதுல நீங்க போய்ப் பார்க்க முடிஞ்சது எது? யார்கிட்ட போய்க் கேட்பீங்க?”

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சென்னை போவதைப் பற்றி யோசித்தேன். ரயிலில் பால் கெட்டுப்போகுமே என்பது வரை யோசித்துவிட்டேன்.

“கை எட்டுற தூரத்துல ஒண்ணு பாருங்க அக்கா” என்றார்.

வேடிக்கை என்னவென்றால், அந்த மாதங்களில் நான் கேள்வி கேட்காத நேரமே கிடையாது. கைப்பேசியில் தேடிக்கொண்டே இருப்பேன். குழந்தை ஒரே பக்கமாகத் தவழ்ந்தால் ஆபத்தா? குழந்தை உப்புக்காற்றில் தூங்கலாமா? குழந்தை அளவுக்கு மீறிச் சிரித்தால் என்ன செய்ய வேண்டும்? கடைசிக் கேள்வியைப் பார்த்துவிட்டு என் கணவர் கைப்பேசியைப் பிடுங்கி அலமாரி மேல் வைத்தார்.

அந்தக் கேள்விகளில் எதற்கும் எனக்குப் பதில் தேவைப்படவில்லை. ‘ஒண்ணும் இல்ல, பயப்படாதே’ என்று யாராவது சொன்னால் போதும். கொற்கையைப் பற்றியும் அப்படித்தான் கேட்டிருக்கிறேன் என்று ஒருநாள் துணி காயப்போடும்போது தோன்றியது. யாரும் மறுத்துவிடக் கூடாது என்று பார்த்துப் பார்த்து எழுதியது அது. தோன்றியதே தவிர, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை.

யார் மடி?

அதே நாட்களில் வீட்டில் இன்னொரு கேள்வி ஓடிக்கொண்டிருந்தது. மகளுக்குக் காது குத்த வேண்டும். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவது முறை. எனக்கு உடன்பிறந்தவன் கிடையாது. பெரியம்மா மகன் ஒருவர் உண்டு. அவர் கப்பலில் இருந்தார். இறங்கும் தேதி தள்ளித் தள்ளிப் போனது.

ஒரு சாயங்காலம் அத்தை உள்ளி வெங்காயம் உரித்துக்கொண்டே, கைப்பேசியில் ஸ்பீக்கரைப் போட்டு ஊரெல்லாம் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

“ஏளா சம்முகத்தாயி, மாமன் இல்லாத பிள்ளைக்கு யாரு மடியில வச்சுக் குத்துவாவ?”

“தாத்தா மடிதாம் மைனி. அம்மையப் பெத்தவரு” என்றது முதல் குரல்.

அடுத்த குரல், மாமன் கட்டின வேட்டி ஒன்றை வாங்கி விரித்து, யார் மடியில் வேண்டுமானாலும் வைக்கலாம் என்றது. மூன்றாவது குரல் கறாராக இருந்தது: “மாமன் வார வரைக்கும் குத்தப்பிடாது. எங்க வீட்டுல பிள்ள பள்ளிக்கூடம் போற வரைக்கும் காத்துக் கெடந்தோம்.”

அத்தை கைப்பேசியைத் தரையில் வைத்தார்கள். “மொறைன்னா ஒண்ணுதானளா இருக்கணும். ஆளுக்கு ஒண்ணு சொல்லுதாளுவ.”

நான் மகளுக்குப் பருப்புச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். ஒரு தம்பியோடு பிறக்காமல் போனதற்கு என்னைத்தான் சொல்கிறார்களோ என்று பட்டது. அப்படிச் சொல்லவில்லை என்றும் பட்டது. பேச்சை மாற்ற, அன்றைக்கு எழுதி வைத்திருந்த மூன்றாவது கேள்வியைக் கணவரிடம் வாசித்துக் காட்டினேன்: ‘முத்துக்குளிப்பில் மைத்துனர் கயிறு பிடிக்கும் வழக்கத்தின் முக்கியத்துவம்.’

எங்கள் ஊருக்கு யார் வந்தாலும் சொல்லிக் காட்டும் கதை அது. கல்லைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்குகிறவனின் கயிறு, மேலே வள்ளத்தில் இருப்பவன் கையில். அசைத்தால் இழுக்க வேண்டும். அந்தக் கயிற்றை மனைவியின் உடன்பிறந்தவனிடம்தான் கொடுப்பார்களாம். தங்கையின் தாலிக்காக அவன் கைவிட மாட்டான். கேட்கிறவர்கள் ‘அடடா’ என்பார்கள். கதை அங்கே முடிந்துவிடும்.

கணவர் ‘அடடா’ சொல்லவில்லை.

“நல்லவேள, நான் அந்தக் காலத்துல பொறக்கல. எனக்கு ஏது மச்சான்? முங்குனா முங்குனதுதான்.”

“வெளக்கு வச்ச நேரத்துல வாயில என்னல பேச்சு வருது?” என்றார்கள் அத்தை.

“இல்லம்மா, சும்மா கேக்கேன். மச்சான் இல்லாதவன்லாம் கரையில உக்காந்து மாங்கா தின்னுக்கிட்டு இருந்தானா?”

என் கை நின்றுவிட்டது. மகள் என் விரலோடு சேர்த்துச் சோற்றைக் கடித்தாள். எத்தனையோ தடவை கேட்ட கதை. நானே சொல்லியிருக்கிறேன். மச்சான் இல்லாதவன் ஒருவன் அந்தக் கதைக்குள் வந்ததே இல்லை. வராமல் எப்படி இருந்திருப்பான்? எங்கள் வீட்டிலேயே ஒருவர் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாரே.

ஞாயிற்றுக்கிழமைக் கரை

என்னோடு படிக்கும் ஸ்டெல்லாவின் அப்பா அந்தோணி, சங்கு குளிக்கிறவர். அவருடைய அப்பா முத்துக் குளித்தவர். “ஞாயித்துக்கெழம வா. பூசை முடிஞ்சா எங்கயும் போக மாட்டாவ” என்றாள் ஸ்டெல்லா.

மக்ரூன் இனிப்பு ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு, மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு போனேன். அவர்கள் வீட்டு வாசலுக்கும் கடலுக்கும் நடுவில் மணலும் வள்ளங்களும்தான். ஓலைக் கொட்டகைக்குக் கீழே சங்கு குவிந்து கிடந்தது. உள்ளே ஒட்டியிருந்த சதையின் வாடையும் டீசல் வாடையும் சேர்ந்து அடித்தன. பிள்ளைக்கு இந்த வாடை ஒத்துக்கொள்ளுமா என்று யோசித்து முடிப்பதற்குள் அவள் ஒரு சின்னச் சங்கை எடுத்து வாயில் வைத்துவிட்டாள்.

கொட்டகையில் அந்தோணியும் அவருடைய அண்ணன் சூசையும் உட்கார்ந்திருந்தார்கள். கொஞ்சம் தள்ளி ஒருவர் வலை பின்னிக்கொண்டிருந்தார்.

மச்சான் கயிறு பிடிப்பது உண்மைதானா என்று ஆரம்பித்தேன்.

“ஆமா. பொண்டாட்டிகூடப் பொறந்தவன் விடுவானா? நல்லா எழுதிக்கம்மா” என்றார் சூசை.

“மச்சான் இல்லாதவங்களுக்கு யாரு பிடிச்சாங்க?”

சூசை கடல் பக்கம் பார்த்தார்.

“கூட்டாளி புடிப்பான்” என்றார் அந்தோணி.

“எவன்ல சொன்னான்? பெரியப்பன் மவன் புடிப்பான்.”

வலை பின்னுகிறவர் தலையைத் தூக்கவில்லை. “பங்காளி கையில கயித்தக் குடுத்தா வெளங்குமா? வீட்ட பாகம் பிரிக்கிற வருசம் பாத்துக் கயிறு அந்துபோவும்.”

கொட்டகை சிரித்தது. எனக்குத் தைரியம் வந்தது. “உங்க அப்பாவுக்கு யாரு பிடிச்சாங்க?”

“எங்க சின்ன மாமா” என்றார் சூசை.

“அப்பா கூட்டாளி மிக்கேல்” என்றார் அந்தோணி.

இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன. அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒரே வீட்டில் பிறந்து, ஒரே கரையில் இத்தனை காலம் உட்கார்ந்திருந்தவர்கள். இதை ஒருவரிடம் ஒருவர் கேட்டதே இல்லை போலிருக்கிறது.

“மாமாவுக்குக் கடலே ஆகாதுண்ண. வள்ளத்துல ஏறுன ஒடனே வாந்தி.”

“வாந்தி எடுத்துக்கிட்டே புடிச்சாருல. வாய்க்கும் கைக்கும் என்னல சம்பந்தம்?”

“என்கிட்ட அம்மைதாம் சொன்னா.”

“என்கிட்டயும் அம்மைதாம்ல சொன்னா.”

வீட்டு வாசலிலிருந்து ஸ்டெல்லாவின் அம்மா வந்தார். என் மகள் வாயிலிருந்த சங்கைப் பிடுங்கி, என் பதற்றத்தைப் பார்த்து, “ஒண்ணும் செய்யாதும்மா, இங்க எல்லாப் பிள்ளையும் இதத்தான் சப்புது” என்று கழுவித் திரும்பக் கொடுத்தார். பிறகு ஆண்கள் பக்கம் திரும்பினார்.

“மாமா வள்ளத்துல படுத்துக் கெடப்பாவளாம். கயித்து வாலை மட்டும் கையில சுத்தி வச்சிருப்பாவளாம். இழுத்ததெல்லாம் மிக்கேல்தாம். மச்சான் பேருக்கு இருக்கணும்லா?”

“ஒனக்கு யாருளா சொன்னா?” என்று இருவரும் ஒன்றாகக் கேட்டார்கள்.

“ஒங்க அம்மைதாம்.”

அண்ணனும் தம்பியும் அன்றைக்கு ஒத்துப்போன ஒரே விஷயம், அவர் சொல்வது தப்பு என்பதுதான்.

இப்போது கயிறு கிடையாது. குழாயில் காற்று அனுப்பும் எந்திரத்தை வைத்துத்தான் இறங்குகிறார்கள். அந்த எந்திரத்துக்குப் பக்கத்தில் யார் இருப்பார்கள் என்று அந்தோணியிடம் கேட்டேன். “எம் மவன்” என்றார். மச்சான் எங்கே என்றேன். “துபாய்ல” என்றார். வலை பின்னுகிறவர், “குழாய் அம்புட்டு நீளம் இல்ல” என்றார்.

நான் கிளம்பும்போது மிக்கேலுக்குக் கல்யாணம் எந்த வருடம் என்று சண்டை போய்க்கொண்டிருந்தது. ஆட்டோவில் ஏறிய பிறகும் சூசையின் குரல் கேட்டது. பதில் வாங்கப் போன இடத்தில் மூன்று பதில்கள். அவற்றில் எது சரி என்று சொல்லவும் ஆள் இல்லை. மகளின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன். காய்ச்சல் வரவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை

அதே வராந்தா, அதே வேப்பமரம். புட்டியை வீட்டில் வைத்துவிட்டேனா என்று பேருந்து நிறுத்தத்தில் இரண்டு தடவை பையைக் கொட்டிப் பார்த்திருந்தேன்.

மிஸ் தாளை வாசித்தார். ‘முத்துக்குளிப்பில் மைத்துனர் இல்லாதவரின் கயிற்றை யார் பிடித்தார்கள்?’

“இதுக்குப் பதில் என்ன அக்கா?”

“தெரியலை மிஸ்.”

இந்தத் தடவை ஜெயித்ததாக நினைக்கவில்லை. கரையில் கேட்டதை எல்லாம் சொன்னேன். மாமாவின் வாந்தி வந்த இடத்தில் மிஸ் தூணில் சாய்ந்து சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, “எது நெசம்னு எப்படி முடிவு பண்ணுவீங்க?” என்றார்.

அதைத்தான் வாரம் முழுக்க யோசித்திருந்தேன். “முடிவு பண்ண முடியாது மிஸ். முத்துக் குளிச்சவங்க யாரும் அந்தத் தெருவுல இப்ப இல்லை. ஆனா யாரு எதைச் சொல்றாங்கன்னு கேட்கலாம். பெரிய பையன்கிட்ட ஒண்ணு, சின்னப் பையன்கிட்ட ஒண்ணு, மருமககிட்ட ஒண்ணுன்னு அந்த அம்மா சொல்லியிருக்காங்க. பக்கத்து வீடுகள்ல எப்படியோ தெரியலை. முறைன்னு சொல்லும்போது எல்லாரும் ஒண்ணுதான் சொல்றாங்க. உங்க வீட்டுல எப்படின்னு கேட்டாத்தான் வேற வேற வருது.” நிறுத்தினேன். “எங்க வீட்டுலயும் அப்படித்தான் மிஸ். காது குத்துக்கு.”

மிஸ் பென்சிலை எடுத்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். கேள்வியை அடிக்கவில்லை. ஓரத்தில் ‘எந்தத் தெரு? எத்தனை தலைமுறை? பெண்களிடம் தனியாக?’ என்று சின்ன எழுத்தில் எழுதினார்.

“அக்கா, ஒருத்தருக்கு நாலு மச்சான் இருந்தா?”

எனக்கு அது தோன்றவே இல்லை. நாங்கள் இருவரும் அங்கேயே நின்று, மூத்தவனா இளையவனா, பலசாலியா பிரியமானவனா, அதை யார் முடிவு செய்வார்கள், மனைவியா என்று பேச ஆரம்பித்துவிட்டோம். மணி அடித்தது. மிஸ் வகுப்புக்கு ஓடியவர், பாதி வழியில் திரும்பி வந்து, கையெழுத்துப் போட்டுவிட்டு மறுபடி ஓடினார்.

மாமன் வேட்டி

கப்பலிலிருந்து பெரியம்மா மகன் இறங்கவில்லை. பெரியம்மா அவருடைய வேட்டியைக் கொடுத்தனுப்பினார். ஊர்க் கோயிலில் என் அப்பாவை உட்கார வைத்து, மடியில் அந்த வேட்டியை விரித்து, அதன்மேல் மகளை வைத்தோம். தாத்தா மடி என்றவளும் வேட்டி என்றவளும் தங்கள் பேச்சுதான் எடுபட்டது என்று திருப்தியாக நின்றார்கள். மாமன் வரும் வரை காத்திருக்கச் சொன்ன அந்த மூன்றாவது குரல்காரி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஆனால் முதல் வரிசையில் நின்றாள்.

ஆசாரி ஊசியை எடுத்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். மகள் வீறிட்டாள். கண்ணைத் திறந்தால் ஒரு காது முடிந்திருந்தது. அப்பாவின் கை அவள் வயிற்றைச் சுற்றி, வேட்டியையும் சேர்த்து இறுக்கிப் பிடித்திருந்தது. பேருக்கு இருந்தவன் யார், உண்மையில் பிடித்தவன் யார் என்று அந்த நேரத்தில் என்னைக் கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

கூட்டத்தில் யாரோ, “தாய்மாமன் இல்லாம மடியில வைக்கியளே, இது எந்த ஊரு மொறை?” என்று கேட்டார்கள்.

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அத்தை முந்திக்கொண்டார்கள்.

“அதத்தாம் இவ எழுதிக்கிட்டு இருக்கா. எழுதி முடிக்கட்டும், சொல்லுவா. அது வரைக்கும் நான் பெரியவன் வீட்டுக்குப் போகல. நீ தள்ளி நில்லு, இன்னொரு காது இருக்கு.”